போனவர் ஐவர், வந்தவர் ஐவர், நின்றவர் ஐவர்

2025-26 சீசனுக்குக் களமிறங்கும் டியூக் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி: பலம் எது, பயம் எது?

ஐந்து பெண்களையும் ஒரே முகூர்த்தத்தில் கட்டிக்கொடுத்த வீட்டை நினைத்துப் பாருங்கள். மறுநாள் காலை பந்தல் பிரித்தாகிவிட்டது. ஊரே மெச்சிவிட்டுப் போயிருக்கிறது. வீட்டில் காபி போட்டுக் கொடுக்க ஆளில்லை. 2025 ஜூன் கடைசி வாரத்தில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் நிலைமை இதுதான்.

நியூயார்க்கின் புரூக்ளினில் ஜூன் 25, 26 இரவுகளில் என்பிஏ டிராஃப்ட் நடந்தது. தொழில்முறை அணிகள் வரிசை முறைப்படி ஒவ்வொருவராக இளம் வீரர்களைப் பொறுக்கியெடுக்கும் சடங்கு அது. மேடையில் வாசிக்கப்பட்ட முதல் பெயரே டியூக் பையன்: 18 வயது கூப்பர் ஃப்ளாக், டல்லாஸ் அணிக்கு. நான்காவதாகக் கான் கனிப்பல், ஷார்லட்டுக்கு. பத்தாவது தேர்வு தெற்கு சூடானிலிருந்து வந்த 7 அடி 2 அங்குல உயரக்காரர் காமன் மலுவாச், அவர் ஃபீனிக்ஸ் போய்ச் சேர்ந்தார். மறுநாள் 33-வதாக சயான் ஜேம்ஸ், அவரும் ஷார்லட்டுக்கே. 49-வதாக டைரீஸ் ப்ராக்டர், கிளீவ்லாண்டுக்கு.

ஆட்டம் தொடங்கும்போது களத்தில் நிற்கும் முதல் ஐவர் இவர்கள். ஐவரும் ஒரே டிராஃப்டில் கிளம்பிவிட்டார்கள். சென்ற சீசனில் ஆட்டத்துக்கு ஆட்டம் டியூக் எடுத்த புள்ளிகளில் முக்கால் பங்கு இவர்கள் கையால் வந்தது. மாற்று ஆட்டக்காரராக இருந்த மேசன் கில்லிஸும் கல்லூரியில் ஆடும் தகுதிக்காலம் முடிந்து விடைபெற்றார்.

2025 நவம்பர் 4 நெருங்குகிறது. ஷார்லட் நகரில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தோடு முதல் ஆட்டம். சீசனுக்கு முந்தைய ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) தரவரிசையில் டியூக்குக்கு ஆறாவது இடம். முதல் ஐவரையும் இழந்த அணிக்கு இவ்வளவு மரியாதை ஏன்? பலரும் சொல்லும் பதில் ஒரு பெயர்: கேமரன் பூஸர். அது பாதிப் பதில்தான். மீதிப் பதில், சத்தமில்லாமல் டியூக்கின் ஊரான டர்ஹமிலேயே தங்கிவிட்ட ஐந்து பேரிடம் இருக்கிறது.

கடைசி 35 நொடி

இந்த அணியைப் புரிந்துகொள்ள சான் அன்டோனியோவுக்குப் போக வேண்டும். 2025 ஏப்ரல் 5, தேசிய அரையிறுதி. எதிரே ஹூஸ்டன். இரண்டாம் பாதியில் ஒரு கட்டத்தில் 14 புள்ளி முன்னிலை டியூக்குக்கு. ஆட்டம் முடிய ஏறத்தாழ 35 நொடி இருக்கும்போதும் 67-61. ரசிகர்கள் இறுதிப்போட்டி டிக்கெட் விலையை விசாரிக்கத் தொடங்கியிருப்பார்கள்.

அதன்பிறகு டியூக் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஹூஸ்டனின் எமானுவல் ஷார்ப் தூரத்திலிருந்து ஒரு மூன்று புள்ளி போட்டார். டியூக் பந்தை உள்ளே எறிந்தபோது அது கைமாறியது, ஹூஸ்டனுக்கு ஒரு கூடை. ப்ராக்டர் ஒரு ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டார். அந்த ரீபவுண்டுக்குத் தாவிய ஃப்ளாக்மீது ஃபவுல் விழுந்தது. ஜேவான் ராபர்ட்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் பதற்றமில்லாமல் உள்ளே போட்டார். ஃப்ளாக்கின் கடைசி ஷாட் உள்ளே விழவில்லை. ஹூஸ்டன் இன்னும் இரண்டு புள்ளி சேர்க்க, முடிவு 70-67. சீசன் முழுக்க 35 வெற்றி, 4 தோல்வி. அந்த நான்காவதுதான் வலித்தது.

ஃப்ரீ த்ரோ போட்ட ராபர்ட்ஸ் ஹூஸ்டனில் ஆறாவது ஆண்டு மாணவர். டியூக்கின் முதல் ஐவரில் மூவர் முதலாண்டு. இரண்டு நாள் கழித்து ஹூஸ்டனை 65-63 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கிய ஃப்ளோரிடாவின் நாயகன் வால்டர் கிளேட்டனும் இறுதியாண்டு மாணவரே. திறமை ஆட்டத்தை 39 நிமிடம் இழுத்துக்கொண்டு வந்துவிடும். 40-வது நிமிடத்துக்கு வேறொன்று தேவைப்படுகிறது. பயிற்சியாளர் ஜான் ஷையர் கோடைக்காலம் முழுக்க இதையே யோசித்திருப்பார் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஒரு வருஷக் குடித்தனம்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து இன்று இயங்கும் விதம் நமக்குக் கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும். பள்ளி முடித்த கையோடு ஒருவர் நேரே என்பிஏவுக்குப் போக முடியாது; டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் 19 வயது நிறைய வேண்டும், பள்ளி முடித்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும் என்ற விதி 2006 டிராஃப்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அந்த ஓராண்டைக் கழிக்கும் சத்திரமாகக் கல்லூரிகள் மாறின. அந்தச் சத்திரங்களில் மிகப் பிரபலமானது டியூக். கைரி இர்விங், ஸயான் வில்லியம்ஸன், பாவ்லோ பான்கேரோ, இப்போது ஃப்ளாக்: நால்வரும் இங்கே ஒரே ஒரு வருஷம் குடியிருந்துவிட்டு டிராஃப்டின் முதல் ஆளாகப் போனவர்கள்.

இது ஒரு பக்கத்துக் கதவு. 2021-இல் இன்னொரு கதவும் அகலத் திறந்தது. ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும் என்ற பழைய தண்டனை போயிற்று. ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ என்ற பட்டியலில் பெயர் கொடுத்தால் போதும், மற்ற கல்லூரிகள் கூப்பிடும். அதே ஆண்டு ஜூலையில், வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று அனுமதி வந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தின்படி, கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம்; எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதல் ஆண்டு உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். கூடைப்பந்து அணியில் 15 பேருக்குமேல் வைத்துக்கொள்ள முடியாது.

விளைவு, எந்த அணியும் இரண்டு வருஷம் ஒரே முகத்தோடு இருப்பதில்லை. டியூக்கும் இதற்கு விலக்கில்லை. 2024 கோடையில் மட்டும் அங்கிருந்து ஏழு பேர் வேறு கல்லூரிகளுக்கு மூட்டை கட்டினார்கள். நான்கு ஆண்டு ஆடிய கேப்டன் ஜெரமி ரோச்கூடத் தன் கடைசி ஆண்டை பேய்லரில் கழித்தார்.

அதே டியூக்கில் 2025 கோடையில் நடந்ததுதான் ஆச்சரியம். அணியின் சுழற்சியில் இருந்து, இன்னும் ஆடத் தகுதி மிச்சமிருந்த ஐந்து மாற்று வீரர்களில் ஒருவர்கூடப் போர்ட்டலில் பெயர் கொடுக்கவில்லை.

நின்றவர்கள்

கேலப் ஃபாஸ்டரிலிருந்து தொடங்குவோம். உள்ளூர் வட கரோலினாப் பையன், 6 அடி 5 அங்குல கார்ட், மூன்றாம் ஆண்டு. 2023-இல் அவரோடு டியூக்குக்கு வந்தவர்கள் மேலும் மூவர். ஜாரெட் மெக்கெய்ன் ஓராண்டில் என்பிஏ போய்விட்டார். ஷான் ஸ்டூவர்ட் ஒஹையோ ஸ்டேட்டுக்கும், டி.ஜே. பவர் வர்ஜீனியாவுக்கும் மாறினார்கள். வகுப்பில் மிஞ்சியது ஃபாஸ்டர் ஒருவர்தான்.

மிஞ்சியவருக்குப் பரிசு ஏதும் காத்திருக்கவில்லை. முதல் ஆண்டில் ஆட்டத்துக்கு 7.7 புள்ளி எடுத்தவர், கணுக்கால் எலும்பில் விரிசல் விழுந்து சீசன் முடியும் முன்பே உட்கார்ந்தார். இரண்டாம் ஆண்டில் 4.9 புள்ளிக்கு இறங்கினார். சில ஆட்டங்களில் பெஞ்சை விட்டு எழுவதே அபூர்வம். இன்றைய நிலவரத்தில் எந்த இளைஞரும் அந்த இடத்தில் இருந்தால் வேறு கல்லூரிக்குப் போன் போட்டிருப்பார். ஃபாஸ்டர் இருந்துவிட்டார். இந்த அணியில் டியூக்கின் சட்டையை மூன்றாவது வருஷமாகப் போடும் முக்கிய ஆட்டக்காரர் அவர் ஒருவரே.

அடுத்தவர் ஐசயா எவன்ஸ். 6 அடி 6 அங்குலம், ஒல்லிக்குச்சி உடம்பு, செல்லப்பெயரே ‘ஸ்லிம்’. 2024 டிசம்பரில் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்த ஆபர்ன் வந்தபோது, பெஞ்சிலிருந்து எழுந்து வந்து முதல் பாதியிலேயே ஆறு மூன்று புள்ளிக் கூடைகள் போட்டு அரங்கைப் பைத்தியமாக்கியவர். சீசன் முழுக்க அவருடைய மூன்று புள்ளி வெற்றி விகிதம் நூற்றுக்கு 41-க்கு மேல். டிராஃப்டுக்குப் போவார் என்ற பேச்சு பலமாக அடிபட்டது. போகவில்லை. கனிப்பலும் ப்ராக்டரும் போன பிறகு, தூரத்து ஷாட்டுக்கு டியூக் நம்பியிருப்பது இவர் மணிக்கட்டை.

மூன்றாவது மலீக் ப்ரௌன், இறுதியாண்டு. சிரக்யூஸில் இரண்டு வருஷம் ஆடிவிட்டு வந்தவர். 6 அடி 9 அங்குல உயரம் இருந்தும் புள்ளிப்பட்டியலில் அவர் பெயரைத் தேட வேண்டியிருக்கும். எதிராளியின் பந்தைத் தட்டிப் பறிப்பதில், கார்டையும் சென்டரையும் ஒரே ஆள் மாறிமாறித் தடுப்பதில் இவருக்கு நிகர் நாட்டிலேயே குறைவு. 2025 மார்ச்சில் தோள்பட்டை இறங்கி, முக்கியமான நேரத்தில் முழு பலத்தோடு ஆட முடியாமல் போனது. அந்தத் தோள் தாங்குமா என்பதைப் பொறுத்தே டியூக்கின் தற்காப்பு.

நான்காவது பேட்ரிக் எங்கோங்பா, 6 அடி 11 அங்குல சென்டர், இரண்டாம் ஆண்டு. பாதக் காயத்தால் முதல் சீசனின் தொடக்கத்தையே இழந்தவர். மலுவாச் போன பிறகு வளையத்தின் கீழ் காவல் இவருடையது. மலுவாச் தாவிப் பிடித்துக் கூடையில் குத்துவார்; எங்கோங்பா பந்தை வாங்கி நின்று, பார்த்து, சரியான ஆளுக்குக் கொடுப்பார். ஐந்தாமவர் டேரன் ஹாரிஸ். எங்கோங்பாவோடு ஒரே பள்ளியில் ஆடியவர். ஷாட் இருக்கிறது, இதுவரை கிடைக்காதது நேரம்.

சென்ற சீசனில் இந்த ஐவரும் ஆட்டத்துக்கு எடுத்த சராசரிப் புள்ளிகளைக் கூட்டினால் சுமார் 20. அதாவது ஃப்ளாக் ஒருவர் எடுத்த 19.2-க்குப் பக்கத்தில். எண்ணைப் பார்த்தால் அச்சமாகத்தான் இருக்கும். ஆனால் ஃப்ளாக்கையும் கனிப்பலையும் மலுவாச்சையும் தினமும் பயிற்சிக் களத்தில் எதிர்த்து நின்றவர்கள் இவர்கள்தான். ஓராண்டு முழுக்க என்பிஏ தரத்து ஆட்களோடு மோதிய அனுபவம் எந்தப் புள்ளிப்பட்டியலிலும் ஏறாது.

வந்தவர்கள்

இனி, எல்லோரும் பேசும் பெயர். கேமரன் பூஸர், 6 அடி 9 அங்குலம், 18 வயது. இரட்டைச் சகோதரர் கேடன், 6 அடி 4 அங்குல பாயின்ட் கார்ட். மயாமியின் கொலம்பஸ் பள்ளிக்கு ஃப்ளோரிடா மாநிலப் பட்டத்தைத் தொடர்ந்து நான்கு ஆண்டு வாங்கிக் கொடுத்து, 2025-இல் தேசியப் பள்ளிப் பட்டத்தையும் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அப்பா கார்லோஸ் பூஸர் 2001-இல் டியூக் கோப்பை வென்றபோது அணியில் இருந்தவர். பிறகு என்பிஏ ஆல்-ஸ்டார், 2008 ஒலிம்பிக் தங்கம். இந்தக் குடும்பக் கதையில் கூடைப்பந்தைவிடப் பெரிய அத்தியாயம் ஒன்று உண்டு. மூத்த மகனுக்குப் பிறவியிலேயே சிக்கிள் செல் ரத்த நோய். பொருத்தமான சகோதர குருத்தணு கிடைத்தால் குணமாகும் என்றார்கள் மருத்துவர்கள். செயற்கைக் கருத்தரிப்பு முறையில் பொருத்தம் பார்த்துப் பிறந்தவர்கள் இந்த இரட்டையர். அண்ணன் பிழைத்துக்கொண்டார். அணிக்கு உதவுவது எப்படி என்று இந்தப் பையன்களுக்கு யாரும் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை போலும்.

கேமரனின் ஆட்டம் ஃப்ளாக்கின் ஆட்டம் அல்ல. ஃப்ளாக் பறந்தார், களத்தின் இரு முனையிலும் ஒரே நேரத்தில் இருப்பதுபோலத் தோன்றினார். கேமரன் தரையில் வேர்விட்டவர். உடம்பைக் கொடுத்து இடம் பிடிப்பார், ரீபவுண்டைப் பிறர் கைக்கு விடமாட்டார், இரண்டு பேர் சுற்றி வளைத்தால் மூன்றாமவர் எங்கே காலியாக நிற்கிறார் என்று அவர் கைக்குத் தெரியும். வேகமாகத் தாவும் உயரமான தற்காப்பாளர்கள் முன்னால் இந்தப் பழைய பாணி எடுபடுமா என்பது ஒன்றே சந்தேகம்.

இரட்டையர் டியூக்கைத் தேர்ந்தெடுத்தபோது எதிரே இருந்த போட்டி சொந்த ஊரான மயாமி. வேடிக்கை என்னவென்றால், டியூக்கில் ஷையரின் வலதுகையாக இருந்த ஜாய் லூகஸ் அடுத்த சில மாதங்களில் அதே மயாமிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார். பையன்கள் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

மற்ற மூவர்: லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நிகோலஸ் கமேனியா. 2025 ஜூலையில் சுவிட்சர்லாந்தில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் இருந்தவர். 6 அடி 8 அங்குலத்தில் கார்ட் மாதிரி பந்து கொடுப்பார். இத்தாலியர் டாமே ஸார், பார்சலோனா கிளப்பில் பெரியவர்களோடு ஆடியவர். அமெரிக்காவில் ஒரு காட்சிப் போட்டி ஆடப் போனதில் கிளப்போடு மனக்கசப்பாகி, கடைசியில் டியூக் வந்து சேர்ந்தார். ஷையர் எதிராளியின் சிறந்த கார்டைத் தடுக்க இவரையே விடுவார் என்று எதிர்பார்க்கலாம். பள்ளியை ஓராண்டு முன்னதாகவே முடித்துக்கொண்டு வந்த செபாஸ்டியன் வில்கின்ஸ் எதிர்காலத்துக்கான முதலீடு.

போர்ட்டல் வழியே ரைஸ் பல்கலைக்கழகத்திலிருந்து மாற்று சென்டர் இஃபானி உஃபோச்சுக்வு, ப்ரின்ஸ்டனிலிருந்து ஜாக் ஸ்காட். வர வேண்டிய பெரிய ஆள் ஒருவர் வரவில்லை. வாஷிங்டன் ஸ்டேட்டிலிருந்து மாற ஒப்புக்கொண்ட செட்ரிக் கவர்ட், டிராஃப்டிலேயே இருந்துவிட்டார். 11-வதாகத் தேர்வாகி மெம்ஃபிஸ் போனார். அனுபவமுள்ள, உயரமான, சுட்டுத்தள்ளும் விங் என்று ஷையர் குறித்துவைத்திருந்த அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

ஐவரை நிறுத்தும் கணக்கு

கேமரனுக்கும் எவன்ஸுக்கும் இடம் எழுதிவைத்ததுபோல. சென்டரில் எங்கோங்பா, அவர் மூச்சு வாங்கும்போது ப்ரௌன். மீதம் இரண்டு இடங்களுக்கு ஃபாஸ்டர், கேடன், ஸார், கமேனியா என நான்கு பேர்.

உயரத்துக்குக் குறைவில்லை. முழு அணியும் ஒருவரை ஒருவர் மாற்றிக்கொண்டு தடுக்கக்கூடிய அமைப்பு. ரீபவுண்டில் கேமரன், எங்கோங்பா, ப்ரௌன் மூவரும் இருக்கும்போது இரண்டாவது வாய்ப்பு எதிராளிக்கு எளிதில் கிடைக்காது.

ஓட்டை பந்தைக் கொண்டுவருவதில் இருக்கிறது. சென்ற சீசனில் ப்ராக்டர், ஜேம்ஸ், ஃப்ளாக், கனிப்பல் நால்வரும் பந்தை நடத்தினார்கள். ஒருவரை அடைத்தால் மற்றவர் எடுப்பார். இம்முறை இயல்பான பாயின்ட் கார்ட் கேடன், ஆனால் முதலாண்டு. அனுபவம் ஃபாஸ்டரிடம், ஆனால் அணியை முழு சீசனும் ஓட்டிப் பார்த்ததில்லை. சான் அன்டோனியோவில் நடந்ததுபோல் எதிரணி முழு நீளத்துக்கும் நெருக்கும்போது பந்து யார் கையில் இருக்கும்? இந்தச் சீசனின் விடை இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

இரண்டாவது கவலை தூரத்து ஷாட். எவன்ஸைத் தவிர நிரூபித்தவர் இல்லை. கேமரனை உள்ளே இரண்டு பேர் சூழும்போது வெளியே நிற்பவர்கள் போடவில்லையென்றால், வளையத்தின் கீழ் கூட்டம் நெருக்கித் தள்ளும். மூன்றாவது கவலை உடம்பு: ப்ரௌனின் தோள், எங்கோங்பாவின் பாதம்.

அட்டவணை இரக்கமில்லாதது. டியூக் இடம்பெற்ற ஏசிசி என்ற கல்லூரிக் கூட்டமைப்புக்குள் ஆடும் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் 20-இலிருந்து 18 ஆகக் குறைந்த இடத்தில் ஷையர் பெரிய தலைகளைச் சேர்த்திருக்கிறார். நவம்பர் 18 நியூயார்க்கில் கான்சாஸ். அங்கே டாரின் பீட்டர்சன், கேமரனோடு டிராஃப்ட் உச்சிக்குப் போட்டியிடும் கார்ட். நவம்பர் 27 சிகாகோவில் ஆர்கன்சா. டிசம்பர் 2 நடப்புச் சாம்பியன் ஃப்ளோரிடா டர்ஹமுக்கே வருகிறது. நான்கு நாளில் மிஷிகன் ஸ்டேட்டின் வீட்டுக்குப் பயணம். டிசம்பர் 20 டெக்ஸாஸ் டெக், பிப்ரவரி 21 வாஷிங்டனில் மிஷிகன். இடையில் பக்கத்து ஊர்ப் பரம எதிரி நார்த் கரோலினாவோடு பிப்ரவரி 7-இலும் மார்ச் 7-இலும். இரண்டாவது ஆட்டம் டர்ஹமில். அதற்கு மாணவர்கள் வாரக்கணக்கில் கூடாரம் போட்டு இடம் பிடிப்பார்கள். 9,314 பேர் மட்டுமே கொள்ளும், 1940-இல் திறந்த அந்தப் பழைய கேமரன் அரங்கில் காலி இருக்கை என்று ஒன்று கிடையாது.

நான்கு வருஷம் இருந்தவர்

சீசன் தொடங்கும்போது ஷையருக்கு 38 வயது. 42 ஆண்டு டியூக்கை ஆண்ட மைக் ஷெஷெவ்ஸ்கியின் நாற்காலியில் 2022-இல் உட்கார்ந்தார். முதல் மூன்று சீசனில் 89 வெற்றி, இரண்டு ஏசிசி பட்டம், ஓர் அரையிறுதி. தேசியக் கோப்பை மட்டும் பாக்கி. டியூக் வென்ற ஐந்து கோப்பைகளில் கடைசி 2015-உடையது.

அந்த 2015 அணியை எல்லோரும் மூன்று முதலாண்டு நட்சத்திரங்களுக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்குக் கேப்டனாக நான்காம் ஆண்டு மாணவர் க்வின் குக் இருந்தார் என்பது மறந்துபோகிறது. 2019-இல் ஸயானும் ஆர்.ஜே. பாரெட்டும் கேம் ரெடிஷும் ஒன்றாக ஆடிய அணியில் அப்படியொரு மூத்த கார்ட் இல்லை. ஒரு புள்ளியில் மிஷிகன் ஸ்டேட்டிடம் தோற்று, அரையிறுதியைக்கூட எட்டாமல் வீடு திரும்பியது.

ஷையருக்கு இது ஏட்டுப் பாடமல்ல. அவரே டியூக்கில் நான்கு வருஷம் ஆடியவர். 2010-இல் இறுதியாண்டு மாணவராக, கேப்டனாக, பட்லரை 61-59 என்று வென்றார். அந்த முதல் ஐவரில் மூவர் நான்காம் ஆண்டு, இருவர் மூன்றாம் ஆண்டு. நட்சத்திரம் என்று சொல்ல ஒரு முதலாண்டுப் பையன் இல்லை. அப்படி ஊறி வளர்ந்த ஒருவர் இன்று ஒரு வருஷக் குடித்தனக்காரர்களை வைத்து வீடு நடத்துகிறார். அவருக்கு ஃபாஸ்டரைப் பார்க்கும்போது தன் சாயல் கொஞ்சம் தெரியாமலா இருக்கும்?

நம் கணிப்பு இது. மார்ச்சில் டியூக் கடைசி எட்டுக்குள் இருக்கும். கேமரன் ஒருவரே அதற்குப் போதும். அதற்கு மேலே போவது, நெருக்கடியில் பந்தைப் பத்திரமாகக் கொண்டுவரும் ஒரு கை கிடைப்பதைப் பொறுத்தது. அந்தக் கை ஃபாஸ்டருடையதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த முறை தேசிய அரையிறுதியும் இறுதியும் 2026 ஏப்ரல் 4, 6 தேதிகளில் இண்டியானாபொலிஸின் லூகாஸ் ஆயில் மைதானத்தில் நடக்கின்றன. டியூக் 2015 கோப்பையைத் தூக்கியது அங்கேதான். 2010-இல், கடைசி நொடியில் பாதிக் களத்திலிருந்து பட்லர் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுவதை 22 வயது ஷையர் நின்று பார்த்ததும் அதே தரையில்தான்.